உடன் வருவோர் பட்டியல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரிட்டிஷ் காலாட்படைப் பிரிவு ஒன்று கடல் கடந்து போகிறது என்றால், கப்பலேறும் நாள் நெருங்கும்போது வீரர்களின் மனைவிகளை ஓரிடத்தில் கூட்டுவார்கள். தொப்பிக்குள் மடித்துப் போட்ட காகிதச் சீட்டுகள் இருக்கும். ஒவ்வொருத்தியும் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். ‘போகலாம்’ என்றோ ‘போகக் கூடாது’ என்றோ அதில் எழுதியிருக்கும். போர்முனைக்குப் போகும் படை என்றால் 100 வீரர்களுக்கு 6 மனைவிகள் என்பது பொதுவான விதி. இந்தியாவுக்கு வரும் படைகளுக்குக் கொஞ்சம் தாராளம், 100-க்கு 12. தவறான சீட்டை எடுத்தவள் கைக்குழந்தையோடு துறைமுகத்தில் நின்றுவிட வேண்டியதுதான். போனவன் திரும்பிவரப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகலாம். வராமலே போகலாம்.

அந்தத் தொப்பிக்குள் கைவிடுவதற்கே ஒரு தகுதி வேண்டியிருந்தது. படைத் தலைவரின் அனுமதி பெற்று மணந்தவன் மனைவி மட்டுமே பட்டியலில் சேருவாள். அவளுக்குப் பாதி ரேஷன், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. வீரர்கள் படுக்கும் கூடத்தின் ஒரு மூலையில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தலாம். அங்கேதான் பிள்ளையும் பெற வேண்டும். பதிலுக்கு அவள் படையின் துணிகளைத் துவைத்தாள், தைத்தாள், நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். துவைப்பதற்குக் கிடைத்த காசு வீரர்களின் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டது. அனுமதியில்லாமல் மணந்தவனின் மனைவிக்கு இது எதுவும் இல்லை. சட்டப்படி அவள் மனைவி. படையைப் பொறுத்தவரை அப்படி ஒருத்தி கிடையாது.

இந்தியாவில் கணவனைக் காலராவுக்கோ காய்ச்சலுக்கோ பறிகொடுத்த படைவீரனின் மனைவிக்குச் சில மாதங்களுக்கு மட்டுமே ரேஷன் நீடிக்கும். அதற்குள் ஊர் திரும்ப வேண்டும், அல்லது அதே படையில் வேறொருவனை மணந்துகொள்ள வேண்டும். பலர் இரண்டாவது வழியைத்தான் எடுத்தார்கள். துக்கம் கூட ஆறாத சில வாரங்களிலேயே மறுமணம் செய்துகொண்ட இந்தப் பெண்களைப் பற்றி அக்காலத்து வெள்ளைக்கார துரைசானிகள் முகம் சுளித்து எழுதியிருக்கிறார்கள். ரேஷன் எந்தத் தேதியில் நிற்கும் என்பதையும் அவர்கள் சேர்த்து எழுதியிருந்தால் படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருந்திருக்கும்.

நான் ஒரு ஹவில்தாரின் மகள். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ராணுவக் குடும்பங்கள் மாற்றலைச் சமாளிப்பது பற்றி எழுதப்படுகிற பெரும்பாலானவை எனக்கு அலுப்பூட்டுகின்றன. சாமான்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், அக்கம்பக்கத்தாரோடு பழகுங்கள், பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி மனதைத் தயார்ப்படுத்துங்கள் என்று பெண்களுக்கு யோசனைகள் சொல்கின்றன. எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் மாற்றல் என்பது மழை வெயில் போல வந்துபோகிற ஒன்று, அதற்கு ஏற்றபடி அவள் தன்னை அனுசரித்துக்கொள்ள வேண்டும் என்ற நம்பிக்கை அவற்றின் அடியில் ஓடுகிறது. வரலாற்றில் பார்த்தால் மாற்றலுக்கு எப்போதும் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது. யார் உடன் வரலாம், யார் வரக் கூடாது, வருகிறவளுக்கு என்ன கொடுப்பது, விடப்பட்டவளுக்கு யார் சோறு போடுவது என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைத்தான் நான் படிக்க விரும்புகிறேன்.

நம் பக்கத்தில் இந்தக் கதை கொஞ்சம் வேறு மாதிரி நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வங்காளம், பம்பாய், மதராஸ் என்று மூன்று தனித்தனிப் படைகள் இருந்தன. வங்காளப் படையின் சிப்பாய் பெரும்பாலும் மனைவி மக்களைக் கிராமத்தில் விட்டுவிட்டு வருவான். விடுப்பில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவான். மதராஸ் படைச் சிப்பாய் குடும்பத்தைக் கூடவே அழைத்துப் போனான். தமிழ், தெலுங்கு பேசுகிறவர்கள், முஸ்லிம்கள், பறையர்கள் என்று பலரும் இருந்த படை அது. திருச்சிராப்பள்ளியிலிருந்து பெல்லாரிக்கு, பெல்லாரியிலிருந்து செகந்திராபாத்துக்கு என்று ரெஜிமெண்ட் நடக்கும்போது பின்னாலேயே மாட்டு வண்டியும் மட்டக் குதிரையுமாகக் குடும்பங்கள் நகர்ந்தன. மனைவியோடு தாய், விதவைச் சகோதரி, தம்பி தங்கைகள், பிள்ளைகள் என்று ஒரு சிப்பாய்க்குப் பின்னால் ஒரு வீடே வரும். ஆயிரம் பேர் கொண்ட படை என்றால் அதற்குப் பின்னால் ஒரு சிற்றூர் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலுக்கு முந்தைய காலம் அது. சாலை என்று சொல்லத்தக்கது பல இடங்களில் இல்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல். பாளையத்தை அடைந்ததும் ஆண்கள் ஆயுதத்தை வைத்துவிட்டு உட்காரலாம். பெண்ணுக்கு அப்போதுதான் அடுப்புக் கல் தேடும் வேலை தொடங்குகிறது. தண்ணீர் எங்கே, சுள்ளி எங்கே, நாளை விடியும் முன் மூட்டை கட்டுவதற்குள் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? வழியிலேயே பிரசவமும் ஆகியிருக்கும். ‘உடன் வருவோர்’ என்ற பொதுப் பெயருக்குள் வண்டிக்காரர், துணி வெளுப்பவர், கடைக்காரர் ஆகியோரோடு சேர்ந்து இந்தப் பெண்களும் அடங்கிவிட்டார்கள்.

கம்பெனி இதைப் பெருந்தன்மையால் அனுமதித்தது என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பம் கூட இருக்கும் சிப்பாய் ஓடிப்போக மாட்டான். பிணைபோல அது படைக்குப் பயன்பட்டது. சமையல், துணி, நோய்க்குப் பணிவிடை எதற்கும் கம்பெனி செலவழிக்க வேண்டியதில்லை. சிப்பாய்களின் மகன்களைச் சிறு சம்பளத்தில் பையன்களாகவே படையில் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் மதராஸ் படையில் இருந்தது. அதாவது அடுத்த தலைமுறைச் சிப்பாயையும் அந்தப் பெண்தான் பாளையத்துக்குள்ளேயே வளர்த்துக் கொடுத்தாள்.

வேலூரில் 1806 ஜூலை 10 அதிகாலை நடந்த கிளர்ச்சி நமக்குப் பள்ளிப் பாடம். தலைப்பாகை, காதணி, நெற்றிக்குறி என்று காரணங்களை வரிசையாகச் சொல்வோம். அந்தக் காலையில் பெண்கள் எங்கே இருந்தார்கள்? கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட் கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அமீலியா, இரண்டு குழந்தைகளோடு கோழிகளை அடைக்கும் இடத்தில் ஒளிந்திருந்து உயிர் தப்பினார். அதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். மணிக்கணக்கில் குழந்தைகளின் வாயடக்கி உட்கார்ந்திருந்த ஒரு தாயின் பதிவு அது. படிக்கும்போது அவர் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கு மறந்துபோகிறது. சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில் இருந்தன. பகலுக்குள் ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பியின் குதிரைப்படை வந்து சேர்ந்து நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்று தீர்த்தது. பேட்டையில் இருந்த பெண்களில் ஒருத்தி எழுதியது என்று எதுவும் நம்மிடம் இல்லை. வீட்டுக்காரன் உள்ளே போனவன் வரவில்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? அதன் பிறகு எந்த ஊருக்கு நடந்தார்கள்?

அதே கோட்டைக்குள் இன்னொரு கூட்டம் பெண்களும் இருந்தார்கள். 1799-இல் திப்பு வீழ்ந்த பிறகு ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட அவருடைய அந்தப்புரத்துப் பெண்கள். கிளர்ச்சிக்குப் பின் திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தப்புரத்துப் பெண்கள் பலர் வேலூரிலேயே இருந்து, வேலூரிலேயே மடிந்தார்கள். வேலூர் என்றால் எனக்கு இந்த மூன்று வகைப் பெண்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். மூவரையுமே ஏதோ ஒரு படை அங்கே கொண்டுவந்து போட்டது.

குடும்பம் கூடவே வருவதில் கம்பெனிக்குச் சிக்கல் இருக்கவில்லை, எல்லை விரியும் வரை. 1824-இல் பர்மாப் போர், 1840-இல் சீனா என்று கடல் கடந்து போகும்போது குடும்பத்தை விட்டுச் செல்ல வேண்டியதாயிற்று. சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரிலிருக்கும் குடும்பத்துக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்துவிட்டுப் போகும் ஏற்பாடு இதற்காக வந்தது. இரண்டு அடுப்பு எரிகிறது, சம்பளம் ஒன்று. வெளியூர்ப் பணிக்குக் கிடைக்கும் கூடுதல் படி ஒன்றுதான் அந்த இடைவெளியை அடைத்தது.

அந்தப் படியில் கைவைத்தபோது என்ன நடந்தது என்பதற்கு 1840-களில் இரண்டு நிகழ்ச்சிகள் இருக்கின்றன. 1843-இன் இறுதியில் ஜபல்பூரில் ஆறாவது மதராஸ் குதிரைப்படை கட்டளைக்குப் பணிய மறுத்தது. சில காலத்துக்கு என்று நினைத்துக் காம்ப்டியிலிருந்து வந்தவர்கள் அவர்கள். இனி இங்கேதான், அதுவும் குறைந்த படியில் என்று தெரியவந்தது. குடும்பங்களோ வேறிடத்தில். அடுத்த சில வாரங்களில், 1844 பிப்ரவரியில், சிந்துவுக்குப் போகும் வழியில் பம்பாயில் இறங்கிய நாற்பத்தேழாவது மதராஸ் காலாட்படையும் அணிவகுப்பில் முரண்டு பிடித்தது. பர்மாவில் கிடைத்ததைப் போன்ற படி கிடைக்கும் என்று சென்னையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை நம்பி ஊரிலிருக்கும் குடும்பத்துக்குத் தொகை ஒதுக்கிவிட்டுக் கப்பலேறினார்கள். பம்பாய் வந்தபோது அந்தப் படி கிடையாது என்றார்கள்.

ராணுவ வரலாறுகளில் இவை ‘படித் தகராறு’ என்ற தலைப்பில் இரண்டு பத்தியில் முடிந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு படை எங்கே நிறுத்தப்படும், குடும்பம் எங்கே இருக்கும், இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற கேள்விக்குத்தான் அந்தக் குதிரைவீரர்கள் தண்டனை வாங்கினார்கள். அதே விலையைப் பெண்கள் எப்போதும் சத்தமில்லாமல் கொடுத்துவந்தார்கள்: நகையை அடகு வைத்து, கூலிக்குப் போய், ஒரு வேளையைக் குறைத்து. அவர்களால் கொடுத்துமுடியாத இடத்தில்தான் அது ஆண்களின் கலகமாக வெளியே வந்து வரலாற்றுப் புத்தகத்தில் ஏறுகிறது.

பெண்கள் நடந்த வழியெல்லாம் ஊர்கள் உண்டாயின. 1806-இல் பெயர் பெற்ற செகந்திராபாத், 1809-இல் தொடங்கிய பெங்களூர் கண்டோன்மெண்ட், நாக்பூர் பக்கத்துக் காம்ப்டி என்று படை தங்கிய இடங்களில் தமிழ்க் குடியிருப்புகள் வேர்விட்டன. அல்சூரில் இன்றைக்கும் தெருவில் தமிழ் கேட்கிறதென்றால் அதன் பின்னால் ஓர் உணவுப் பழக்கம், ஒரு மாரியம்மன் கோயில், ஆடிக் கூழ் எல்லாம் இருக்கின்றன. படைத் தளபதிகளின் பெயரில் சாலைகள் இருக்கும் அந்த ஊர்களில் கூழ் ஊற்றும் வழக்கத்தைச் சுமந்துவந்தவள் பெயரில் சந்து கூட இல்லை. 1880-களில் மதராஸில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தெற்கத்தியர்கள் நெடுங்கால அமைதியால் போர்க்குணம் இழந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார். ‘போர்க்குடி’ என்ற அளவுகோல் வந்தபோது, குடும்பத்தோடு திரிகிற மதராஸ் சிப்பாய் கேலிக்குரியவனானான். முன்பு சிக்கனமாகத் தெரிந்த அதே குடும்பம் இப்போது சுமையாகத் தெரிந்தது.

பட்டியலைப் பற்றிப் பேசும்போது கண்டோன்மெண்டின் இன்னொரு பட்டியலையும் விட முடியாது. மனைவிகளின் எண்ணிக்கையைக் குறைத்து வைத்த அதே நிர்வாகம், வெள்ளைச் சிப்பாய்களுக்காக ரெஜிமெண்ட் பஜார்களில் பெண்களைப் பதிவுசெய்து வைத்தது. 1864-இன் கண்டோன்மெண்ட் சட்டத்துக்குப் பிறகு இது முறைப்படுத்தப்பட்டது. பதிவுச் சீட்டு, கட்டாய மருத்துவப் பரிசோதனை, நோய் கண்டால் பூட்டிய ஆஸ்பத்திரி. ரெஜிமெண்ட் இடம் மாறும்போது இந்தப் பெண்களும் கூடவே நடந்தார்கள். 1891-92-இல் எலிசபெத் ஆண்ட்ரூ, கேத்தரின் புஷ்னெல் என்ற இரு அமெரிக்கப் பெண்கள் கண்டோன்மெண்ட்களுக்குச் சென்று, இந்தப் பெண்களிடம் நேரில் பேசிப் பதிவுசெய்தார்கள். இங்கிலாந்தில் அது பெரும் சங்கடத்தை உண்டாக்கியது. மனைவி என்ற பட்டியலுக்கும் பஜார் என்ற பட்டியலுக்கும் நடுவே ஒழுக்கத்தின் மதில் எழுப்பப்பட்டிருந்தாலும், இரண்டையும் எழுதியது ஒரே அலுவலகம்தான்.

மாகாணப் படைகள் 1895-இல் ஒன்றாக்கப்பட்டன. பிறகு இரண்டு உலகப் போர்கள், பிறகு சுதந்திரம். இவற்றைத் தாண்டி நான் நேரே என் அம்மாவின் காலத்துக்கு வருகிறேன். பட்டியல் அப்போதும் இருந்தது, வேறு பெயரில்.

சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் ‘பீஸ் ஸ்டேஷன்’ என்றால் குடும்பம் கூட இருக்கலாம், ‘ஃபீல்டு’ என்றால் கூடாது. பீஸ் ஸ்டேஷனிலும் எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் இருக்காது. அதிகாரிகளுக்கு ஒரு கணக்கு, ஜவான்களுக்கு ஒரு கணக்கு. முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முறை வந்து, ஊரிலிருந்து மனைவியைக் கூட்டிவந்து, கேஸ் இணைப்பு வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்து முடிப்பதற்குள் அடுத்த மாற்றல் வந்துவிடும். ஃபீல்டுக்குப் போனால் கடிதத்தின் முகவரி ‘56 ஏ.பி.ஓ.’ என்றிருக்கும், கிழக்கில் என்றால் ‘99 ஏ.பி.ஓ.’ அவர் எந்த மலையில் இருக்கிறார் என்று அந்த எண்ணிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. எங்கள் பாட்டிக்கு அது ஓர் ஊர் என்றே நினைப்பு. “அம்பத்தாறுல மழையாமா?” என்று கேட்பாள்.

அப்பா சிக்னல்ஸ் பிரிவில் இருந்தார். அம்மா அவரோடு குடித்தனம் செய்தது மூன்று ஊர்களில்: செகந்திராபாத், ஜபல்பூர், அம்பாலா. மற்ற வருடங்கள் எல்லாம் மாமியார் வீட்டில். எங்கள் வீட்டுப் பரணில் இன்றும் கறுப்பு ட்ரங்க் பெட்டிகள் இருக்கின்றன. வெள்ளைப் பெயிண்டில் அப்பாவின் எண், ரேங்க், பெயர், கீழே புறப்படும் ஸ்டேஷன், போய்ச் சேரும் ஸ்டேஷன். ஒரு பெயரை அழித்து அதன் மேலேயே அடுத்த ஊரின் பெயரை எழுதியிருப்பதால் எழுத்துகள் தடித்துப்போயிருக்கும். உள்ளே இருந்தது முழுக்க அம்மாவின் உலகம்: ஒரு வருஷத்துக்கு வறுத்து அரைத்த மிளகாய்த் தூள், புளி, வடகம், இட்லித் தட்டு, எங்கள் ஸ்வெட்டர்கள்.

புதிய ஊருக்குப் போனதும் அவள் முதலில் விசாரிப்பது குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்பதை. இரண்டாவது, இந்த வரிசையில் தமிழ்க் குடும்பம் உண்டா. இருந்தால் அந்த அக்காவுக்கு ஊர்ப் பெயர் வந்துவிடும்: தஞ்சாவூரக்கா, திருநெல்வேலியக்கா. சாமான் வந்த மரப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு மேலே மெத்தை விரித்தால் கட்டில். சேலையைப் போர்த்தினால் மேஜை. ஹிந்தியை அவள் குழாயடியில் கற்றாள்; பிழையோடு, பயமில்லாமல். டால்டா டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பாள். கிளம்பும்போது அதை அடுத்து வருகிறவளுக்கு விட்டுவிடுவாள். அம்பாலாக் குளிரில் அது தங்கவில்லை. மாவும் அங்கே புளிக்காது. கம்பளியில் சுற்றி, அணைத்த அடுப்பின் பக்கத்தில் வைத்துத் தூங்குவாள்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு ராணுவத்தில் ‘மார்ச் அவுட்’ என்று பெயர். படைக்குரிய சொல்தான். ஆனால் அந்த அணிவகுப்பைச் செய்வது வீட்டிலிருக்கும் பெண். எம்.இ.எஸ். ஆள் கையில் பட்டியலோடு வருவார். ஃபேன் ரெகுலேட்டர், பல்பு ஹோல்டர், கண்ணாடிச் சில்லு, தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக எண்ணுவார். குறைந்தால் அப்பா சம்பளத்தில் பிடிப்பு. அதற்கு முதல் நாள் முழுக்க அம்மா சுவரிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சோடாத்தூள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். ஆணி அடித்த ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைப்பாள். தான் அங்கே வாழ்ந்த தடயத்தை அழித்துவிட்டுக் கையெழுத்துக்காக நிற்க வேண்டும், கையெழுத்தும் அப்பாவுடையது.

1963-இல் கேந்திரிய வித்யாலயா திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டவை 20 ரெஜிமெண்ட் பள்ளிகள். மாற்றலாகிப் போகும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்கு எந்த ஊரிலும் ஒரே பாடம், எந்த மாதத்திலும் சேர்க்கை என்பதுதான் அதன் நோக்கம். அந்தப் பள்ளியால்தான் நான் படித்தேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிள்ளைகளின் படிப்பு மாற்றலால் கெடும் என்பதை அரசு உணர்ந்தது, அதற்கென ஒரு நிறுவனத்தையே கட்டியது. ஆகவே இது தீர்க்க முடியாத துன்பம் ஒன்றும் இல்லை. யாருடைய இழப்பை இழப்பாக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

அம்மாவின் இழப்பு எண்ணப்படவில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்திருந்தாள். அப்போதெல்லாம் இடைநிலை ஆசிரியர் வேலைக்குப் பதிவு மூப்புதான் கணக்கு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; தவறினால் மூப்பு போய்விடும், மறுபடி கடைசியில் போய் நிற்க வேண்டும். இரண்டு முறை ஊரில் இருந்ததால் போய்ப் புதுப்பித்துவிட்டாள். மூன்றாவது முறை அம்பாலாவில் இருந்தோம். தம்பிக்கு மஞ்சள் காமாலை, அப்பா ஃபீல்டில். ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஏறி ஊருக்குப் போய் ஒரு முத்திரை வாங்கித் திரும்ப ஒரு வாரமாகும். பிள்ளைகளை யாரிடம் விடுவது? அவளோடு படித்தவர்கள் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்குகிறார்கள். “போனது போச்சு” என்பாள். ஆனால் அந்த அட்டையை அவள் கிழித்துப் போடவில்லை. ரேஷன் கார்டு, அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம், எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே பையில் அதுவும் இருக்கிறது.

சமூகவியலாளர் ஹன்னா பாபனெக் 1973-இல் ‘இருவர் உழைக்கும் ஒருவர் வேலை’ என்ற பொருள்படும் ஒரு கருத்தை முன்வைத்தார். சில வேலைகளில் நிறுவனம் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து இருவரின் உழைப்பைப் பெறுகிறது. மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவனால் அந்த வேலையில் தாக்குப்பிடிக்க முடியாது. 1986-இல் மேடி சீகல், ராணுவமும் குடும்பமும் இரண்டுமே ‘பேராசை பிடித்த நிறுவனங்கள்’ என்று எழுதினார்: இரண்டும் ஒரே ஆளின் முழு நேரத்தையும் விசுவாசத்தையும் கேட்கின்றன. அமெரிக்கச் சூழலில் எழுதப்பட்டவை என்றாலும் குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாருக்கும் இவை புரியும். இரண்டு பேராசைகளும் முட்டிக்கொள்ளாதபடி நடுவில் ஒருத்தி தன்னைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். கணவனின் ரேங்க் அவளுக்கும் ஒட்டிக்கொள்ளும். 1966-இல் தொடங்கப்பட்ட ராணுவ மனைவியர் நலச் சங்கத்தில் தலைமைத் தளபதியின் மனைவிதான் தலைவி என்பது மரபு. கீழே வர வர, எந்த மேம்சாப் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பதும் தானே முடிவாகிவிடும். அந்தச் சங்கத்தால் தையல் கற்றவர்களும் துக்கத்தில் துணை கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். இருந்தாலும் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த இடம் அவள் கணவனின் மாற்றல் உத்தரவில் முடிந்துவிடுகிறது.

மாற்றலால் அம்மாவுக்குக் கிடைத்ததும் உண்டு. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மாமியார் வீட்டில் கூடத்துக்கு வரத் தயங்கியவள் ஜபல்பூரில் தனியாக பேங்குக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டாள். ஒரு பஞ்சாபிப் பெண்ணும் ஒரு மலையாளப் பெண்ணும் அவளுக்கு உயிர்த்தோழிகள் ஆனார்கள். இன்றும் போன் வருகிறது. சாதி கேட்காமல் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டது அந்த வரிசை வீடுகளில்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்பா ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு முட்டியது. அந்த மாற்றலுக்கு யாரும் அவளைத் தயார்ப்படுத்தவில்லை.

2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம், ராணுவத்தில் குறுகிய காலப் பணியில் சேர்ந்த பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1992 முதல் பெண்கள் அதிகாரிகளாகச் சேர்ந்துவந்தாலும் இந்த உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. அரசுத் தரப்பு வைத்த வாதங்களில் ஒன்று, தாய்மையும் பிள்ளைகள் மீதும் குடும்பத்தின் மீதும் உள்ள வீட்டுக் கடமைகளும் பெண்களுக்குத் தடையாக இருக்கும் என்பது. பாலினம் பற்றிய பழைய மனப்பதிவுகளின் மேல் கட்டப்பட்ட வாதம் என்று நீதிமன்றம் அதைத் தள்ளியது. நான் அந்த வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆண் வீரனுக்கும் பிள்ளைகள் உண்டு, வீடு உண்டு, வயதான பெற்றோர் உண்டு. அவை அவனுடைய பணிக்குத் தடையாகாமல் இருப்பதற்குக் காரணம் யார் என்பதை அந்த வாதம் வாய்தவறி ஒப்புக்கொண்டுவிட்டது.

அன்றைக்கு இரவு செய்தியில் சீருடைப் பெண்கள் நீதிமன்ற வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்ததை அம்மாவும் பார்த்தாள். நல்லா இருக்கட்டும் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அந்தப் பொண்ணுக்கு மாத்தல் வந்தா பொட்டி யாருடி கட்டுவா?” என்று கேட்டாள். வீட்டுக்காரர் கூடப் போவார் என்றேன். அவருக்கு வேலை இருக்காதா என்றாள். இருக்கும் என்றேன். “அப்ப அந்தாளு வேலையை விடுவாரா?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.